இருட்டறையில் எரிந்த சிவப்பு பல்பு

கடலூர் முதுநகரில் எங்கள் ஸ்டூடியோவின் டார்க் ரூமில், கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு தொங்கும். என் அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா, உள்ளே நுழைந்ததும் அவர் கை தானாக அதன் சுவிட்சுக்குப் போகும். கறுப்பு வெள்ளைப் படம் போடும் தாளை அந்த வெளிச்சம் ஒன்றும் செய்யாது. இருபது வருஷம் அதில்தான் வேலை பார்த்தார். தினமும் சிதம்பரத்திலிருந்து காலை ரயிலில் வருவார். கடை என் பெயரில் இருந்தது, வேலை தெரிந்தவர் அவர். இதை அவர் உயிரோடு இருந்தபோது நான் ஒருமுறைகூட அவரிடம் சொன்னதில்லை.

2006இல் உடனடிப் படம் தரும் கேமரா ஒன்று வாங்கினேன். நாலு லென்ஸ் வைத்தது. ஒரே அமுக்கில் ஒரே தாளில் நாலு பாஸ்போர்ட் படம் விழும். எடுத்ததும் முதலில் வெள்ளை நுனியை இழுக்க வேண்டும், அப்புறம் மஞ்சள் நுனியை. அந்த இழுப்பில்தான் உள்ளே மருந்து பரவும். ஒரு நிமிஷம் கழித்து உரித்தால் படம். நெகட்டிவ் கிடையாது, போனால் போனதுதான். ஃபிலிம் சிக்கிக்கொண்டால் முழு இருட்டில்தான் திறக்க வேண்டும், எந்த நிற விளக்கும் ஆகாது என்று டப்பாவில் வந்த தாளில் இங்கிலீஷில் போட்டிருந்தது. நான் படித்தேன். மாமாவுக்கு இங்கிலீஷ் வராது. நான் சொல்லவில்லை. காரணம் ஒன்றும் இல்லை, திமிர்தான். ஒரு விஷயமாவது அவரைவிட எனக்கு அதிகம் தெரிந்திருக்கட்டும் என்று இருந்தேன்.

ஒருநாள் காலை கடை திறக்கும்போது செம்மங்குப்பத்திலிருந்து ஒருவர் வந்து நின்றார். எட்டு மாதப் பையன், ஜுரம், விடியும்போது போய்விட்டான். "ஒரு போட்டோகூட இல்லண்ணே. வருஷம் திரும்பறதுக்குள்ள எடுத்தா கண்ணு பட்டுடும்னு எங்கம்மா எடுக்க விடல. உடனே கையில கெடைக்குமாமே, அத எடுத்துக்கினு வாங்க. பத்து மணிக்குள்ள தூக்கிடுவாங்க."

"பெரிய கேமராவையும் எடுத்துக்க மச்சான்" என்றார் மாமா.

"அத கழுவி பிரிண்ட் போட்டு எப்ப குடுக்கறது? இது போதும், ஏறுங்க" என்றேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்து கேமராவை மடியில் வைத்துக்கொண்டார். அதில் ஒரே ஒரு ஃபிலிம் மிச்சம் இருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

பையனுக்குப் புதுச் சட்டை போட்டு, பொட்டு வைத்து, தாய் மடியில் வைத்திருந்தாள். மாமா முட்டி போட்டு எடுத்தார். வெள்ளை நுனி இழுக்கும்போது கிழிந்துவிட்டது. மஞ்சள் நுனி வெளியே வரவே இல்லை. அந்தப் பெண் படத்துக்காகக் கையை நீட்டியபடி இருந்தாள். "சிக்கிக்கிச்சும்மா. கடைக்குப் போயி எடுத்தாந்துடறேன். புள்ள உள்ளதான் இருக்கான், பத்திரமா" என்றார் மாமா.

டார்க் ரூமுக்குள் போனோம். கதவைச் சாத்தினார். கை சுவிட்சுக்குப் போனது. பல்பு எரிந்தது.

"மாமா" என்றேன்.

"என்ன மச்சான், பயந்துட்டியா? இந்த லைட்டுல நான் கழுவாத மூஞ்சியா?"

கேமரா இன்னும் திறக்கவில்லை. ஒரு வார்த்தை போதும். சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அவர் பின்மூடியைத் திறந்து, மடங்கிக் கிடந்த நுனியை நிதானமாக நிமிர்த்தி, மூடி, இழுத்தார். ஒரு நிமிஷம் எண்ணிவிட்டு உரித்தார். நாலு கட்டமும் வெளுத்த ரோஸ் நிறத்தில் இருந்தன. ஒன்றிலும் குழந்தை இல்லை. மாமா தாளைப் பார்த்தார், பிறகு தலையைத் தூக்கி பல்பைப் பார்த்தார்.

பெரிய கேமராவை எடுத்துக்கொண்டு ஓடினோம். அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். மாமா நேரே அந்தப் பெண்ணிடம் போனார். "என் தப்புதாம்மா. போடக்கூடாத லைட்ட போட்டுட்டேன்." நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் சொன்னதைத் திருத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "அந்தத் தாளயாச்சும் குடுங்க. அதுலதான இருந்தான்" என்றாள். மாமா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஈரம் காயாத அந்தத் தாளை அவள் ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் ஆறு வருஷம் என்னோடு வேலை பார்த்தார். கடைக்குக் கைக்குழந்தையோடு யாராவது வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். நான் போய் எடுப்பேன். "உங்க மாமாவுக்கு என்ன கோவம்?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். வயசாகிவிட்டது என்பேன்.

2012இல் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நுரையீரல் போய்விட்டது. அக்கா டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் என்னை அருகே கூப்பிட்டார்.

"அந்த லைட்டு அதுக்கு ஆவாதுன்னு ஒனக்கு அப்ப தெரியுமா மச்சான்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "தெரியாது மாமா" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றார். அவர் முகம் தெளிந்தது. "தெரிஞ்சிருந்தா நீ சொல்லாம இருப்பியா? ஆறு வருசமா ஒன்ன சந்தேகப்பட்டுட்டேன்டா. மனசுல வச்சுக்காத."