ஆறு பத்துக்கு விழிக்கும் பெட்டி

டிவி ரெக்கார்டர் பழுதுபார்க்கிற அவருக்கு அந்த வட்டாரத்தில் 'நாடி டாக்டர்' என்று பெயர். எந்தப் பெட்டியையும் திறப்பதற்கு முன்னால் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே ஹார்ட் டிஸ்க் சீராகச் சுற்றுகிறதா, திக்கித் திணறுகிறதா என்பது கைக்கே தெரிந்துவிடும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டுமே, முப்பது வருடத்தில் அந்தக் கை பொய் சொன்னதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் சொந்த வீட்டுப் பெட்டியில் கை வைக்கப் பயந்தார் என்றால் நம்புவது கஷ்டம்தான்.

மனைவி இறந்த மறுநாள் மாலை ஆறு பத்துக்கு அந்த ரெக்கார்டர் தானாக விழித்துக்கொண்டது. டிவியும் கூடவே உயிர்பெற்று ரெக்கார்டரின் இன்புட்டுக்கு மாறி நின்றது. யாரும் ரிமோட்டைத் தொடவில்லை. அடுத்த நாளும் அதே நேரம், அதற்கடுத்த நாளும் அதே நேரம். அதற்கு முன் அந்த வேளையில் அவர் வீட்டில் இருந்ததே கிடையாது, எட்டுக்கு முன்னால் வாசல் மிதித்ததில்லை. மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவரைப் போனில் கூப்பிட்டதும் ஆறு மணி சுமாருக்குத்தான். யாரோ ஒருவர் வீட்டில் பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தவர் போனை எடுக்கவில்லை. அவள் கோபத்தோடு போயிருக்கிறாள், அதைத்தான் சொல்கிறாள் என்று அவருக்குப் பட்டது. ஐந்தாம் நாள் காலையில் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்தார். உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. பழைய சாமான் கடையில் கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு தையல்காரம்மா கூப்பிட்டு அனுப்பினார். தனியாக இருப்பவர். போன மாதம்தான் கடையைக் காலி செய்து மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார், அதுவரை இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். எட்டு மாதத்துக்கு முன் பழைய சாமான் கடையில் வாங்கிய ரெக்கார்டர், முதலில் ஒரு நிமிடத்துக்குள் தயாராகும், இப்போது ஏழு நிமிடம் ஆகிறது என்றார். அதைச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவா வர்றதைக்கூடப் பொறுத்துக்கலாம் அண்ணா. சாயங்காலம் ஆறு பத்தானா தானா முழிச்சு டிவியைத் தன் பக்கம் இழுத்துக்குது. திரையில ஒண்ணுமே இருக்காது. இன்னிக்கும் வந்துச்சுன்னா நான் இந்த வீட்டையே காலி பண்ணிடுவேன்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தரை. துணிகளுக்கு நடுவே இருந்த அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, மூடியில் மனைவி வைத்த பூஜாடியின் ஈரம் பதிந்த கறை வளையம் அப்படியே இருந்தது. இதற்கு முன் யார் வீட்டுப் பெட்டி என்று தையல்காரம்மா கேட்டதற்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. ஆனால் பயந்துபோன ஒரு பெண்பிள்ளையைத் தன் பேயோடு விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. உள்ளங்கையை வைத்தார். டிஸ்க் சீராகத்தான் சுற்றியது.

பட்டியலைத் திறந்தார். இருநூற்று முப்பத்தேழு பதிவுகள். ஒவ்வொன்றிலும் அரைமணி நேர இருட்டு. தொடங்கும்போதெல்லாம் இத்தனையையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டி தயாராகிறது, தாமதம் அதனால்தான். எங்கிருந்து வந்தன என்று, தானாகப் பதிவாக நேரம் குறித்துவைக்கும் டைமர் பக்கத்துக்குப் போனார். ஒரே ஒரு டைமர். தினமும் ஆறு பத்து, அரைமணி நேரம். பழைய கார்களைப் பிரித்துச் சீர்செய்து காட்டும் நிகழ்ச்சி. 'அந்த நேரத்துல போட்டா என்னை மாதிரி ஆள் எங்கே பாக்கறது' என்று அவர் எப்போதோ புலம்பிய அதே நிகழ்ச்சி. அந்தச் சேனலையே இப்போது மூடிவிட்டார்கள். டைமருக்குப் பெயர் வைக்கும் இடத்தில், ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தி எழுதியிருந்தது: அவருக்கு.

ஃபார்மேட் செய்தால் பதிவுகள் போகும், டைமர் போகாது. முதல் வருடத் தொழில்காரனுக்கும் தெரிந்த விஷயம். டைமர் பதிவுக்கு விழிக்கிற பெட்டி டிவியைத் தன் இன்புட்டுக்கு இழுக்கும் என்பதும் தெரிந்ததுதான். ஊரார் வீட்டில் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். 'ஒரு ஞாயித்துக்கிழமையாவது சும்மா உக்காருங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டணும்' என்று மனைவி கெஞ்சியதெல்லாம் இதற்காகத்தான். கோபம் என்று நினைத்து இரண்டு வருடம் தூக்கம் கெட்டாரே, அது இது. அவள் சேர்த்துவைத்த அத்தனையையும் பயத்தில் தன் கையாலேயே அழித்திருக்கிறார்.

ஆறு பத்துக்குக் கொஞ்சம் முன்னால் டிவி, ரெக்கார்டர் இரண்டையும் அணைத்துவிட்டுக் காத்திருந்தார். சொல்லிவைத்தாற்போல் ரெக்கார்டர் விழித்தது. டிவி உயிர்பெற்று, மாறி, கறுப்பாக நின்றது. பதிவு நடக்கும் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. தையல்காரம்மா சமையலறைக் கதவோரம் போய் ஒண்டிக்கொண்டார். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு திரைக்கு எதிரில் உட்கார்ந்தார். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று.

"என்ன அண்ணா பாக்கறீங்க? ஒண்ணுமே இல்லையே" என்றார் தையல்காரம்மா, பாதிக் குரலில்.

"எனக்காகப் பதிவு பண்ணினதும்மா. நான் ஒண்ணுகூடப் பாத்ததில்ல."

ஆறு நாற்பதுக்குச் சிவப்பு விளக்கு அணைந்தது. அவர் டைமர் பக்கத்தைத் திறந்து, தையல்காரம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை நீக்கினார்.