ரெண்டு தட்டு தட்டினா ராணி ஏறும்

கருவாட்டு வியாபாரத்தில் மூக்கு முதல் வாரமே வேலையை விட்டு நின்றுவிடும். இடுப்புதான் பாவம், கடைசி வரைக்கும் உழைக்கும். வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே தூங்கி, வண்டியிலேயே பிள்ளைக்குத் தலை சீவிவிடுகிற என் கூட்டாளிகளே, உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பழவேற்காடு பக்கம் ஏரியோரக் குப்பம் எங்களுடையது. என் ஊட்டுக்காரர் சேகர் ஓட்டுவார், நான் விற்பேன். குட்டி யானை வண்டியில் நெத்திலி, வாளை, காரப்பொடி, சென்னாக்குன்னி எல்லாம் ஏற்றிக்கொண்டு செவ்வாய்க்கிழமை கிளம்பினால், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை என்று சுற்றி, நாறிப்போய் வியாழக்கிழமை ராத்திரி வீடு சேருவோம். வெள்ளிக்கிழமை யாரும் கருவாடு வாங்க மாட்டார்கள், அன்றைக்குத்தான் நான் கால் நீட்டிப் படுப்பது. கூட வருவது எங்கள் நாலு வயசுப் பாப்பாவும், ராணி, கெளுத்தி என்று ரெண்டு நாய்களும். ராணி பெரிய மனுஷி. நான் தராசு பிடிக்கும்போது பாப்பா ரோட்டுப் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்வது அதுதான். கெளுத்தி குட்டி. மீசை இருக்கிறதே தவிர மூளை இல்லை.

வண்டி கிளம்பும்போது பின்கதவுத் தகரத்தில் நான் ரெண்டு தட்டு தட்டுவேன். அது டிரைவருக்கு 'போகலாம்', ராணிக்கு 'ஏறு'. எங்கே படுத்திருந்தாலும் ஓடி வந்து கதவைத் தாண்டி ஏறி, பலகை தடுத்த மூலையில் தன் கோணிமேல் உட்கார்ந்துகொள்ளும். கெளுத்தியின் அட்டகாசம் தாங்காமல், இப்படிப்பட்ட ராணியையும் சேர்த்து, "பொங்கலோட ரெண்டையும் எங்கம்மா ஊட்ல வுட்டுடலாம்" என்று சேகர் சொல்ல ஆரம்பித்தார். ராணி இல்லையென்றால் பாப்பாவைப் பார்க்க ஆளில்லை. பாப்பாவோடு நானும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அவர் தனியாகப் போய் விற்றால்? கருவாட்டை எடுத்துக் காட்டவே வெட்கப்படுகிற மனுஷன் அவர்.

ஊர்கூட்டம்

ஓர் ஊருக்குள் எங்கள் வண்டி நுழைந்தால் முதலில் வரவேற்பது அந்த ஊர் நாய்கள்தான். வாடை அவர்களுக்குத் தந்தி மாதிரி போய்விடும். கெளுத்தி சும்மா இருந்தாலாவது போய்த் தொலையும். அது முன்சீட்டு ஜன்னலில் தலையை நீட்டி, எல்லாரையும் ஒரு ரவுண்டு திட்டிவிட்டுத்தான் உட்காரும். அப்புறம் கீழே பத்து நாய், மேலே ஒரு நாய், நடுவில் "நெத்திலி, வாளை" என்று நான்.

ஒருநாள் கவரைப்பேட்டை பக்கம் டீக்கடை எதிரில் வண்டியைப் போட்டோம். கத்திக் கத்தி என் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு பொட்டலம் போகவில்லை. டீக்கடைக்காரர் சுடுதண்ணி ஒரு கிளாஸ் கொடுத்தார். தாராள மனசு என்று நினைத்தேன். நான் குடித்து முடித்ததும் கேட்டார்:

"ஏம்மா, நீ கருவாடு விக்க வந்தியா, கட்சி மாநாடு நடத்த வந்தியா?"

ராணியின் சான்றிதழ்

வண்டியில் நாய் இருப்பதைப் பார்த்ததும் சில பேருக்கு முகம் சுருங்கும். பலகை தடுப்பைக் காட்டுவேன், மூடிய டப்பாக்களைக் காட்டுவேன், சாயங்காலம் வரைக்கும் காட்டிக்கொண்டே இருப்பேன். ஒரு அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நாய் வாய் வெக்கலன்னு இன்னா நிச்சயம்?" என்றார். எனக்கு வேகம் வந்துவிட்டது. நல்ல வாளைத் துண்டாக ஒன்றை எடுத்து ராணி முன்னால் போட்டேன். ராணி மோந்துகூடப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து கருவாட்டு நாற்றத்திலேயே வளர்ந்த நாய், அதற்கு டீக்கடைப் பொறை ரொட்டியும் டீயும்தான் விருந்து. தலையைத் திருப்பிக்கொண்டு கொட்டாவி விட்டது.

ஜெயித்துவிட்டேன் என்று நான் தராசைத் தூக்கினேன். அந்த அம்மா பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நாயே தின்னாத கருவாட்ட என் தலையில கட்டப் பாக்கறியா?"

பாப்பாவின் படிப்பு

புரட்டாசி மாதம் எங்களுக்குப் பட்டினி மாதம். பாதி ஜனம் கவிச்சி தொடாது. அப்போது வண்டியை வீட்டெதிரில் நிறுத்திவிட்டு பாப்பாவை அங்கன்வாடிக்கு அனுப்பினேன். ரோட்டிலேயே வளர்ந்த பிள்ளை, நாலு பிள்ளைகளோடு பழகட்டும் என்று. முதல் நாள் மத்தியானமே டீச்சர் ஆள் விட்டு அனுப்பினார். காய்ச்சலோ, அடியோ என்று தலைமுடியைக்கூட முடியாமல் ஓடினேன். பாப்பா டீச்சருடைய மேசைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் நல்லவர், சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் இருந்தார்.

"சத்தம் போடாதீங்கன்னு மேசைய ரெண்டு தட்டு தட்டினேன்மா, எல்லா புள்ளைங்களும் உக்காந்துச்சு, உன் பொண்ணு மட்டும் ஏறிட்டா!"

ரோட்டில் காய்ந்த நெத்திலி

ஐப்பசி மழை ஆரம்பித்த பிறகு உடம்பே ஈரக்கோணி மாதிரி ஆகிவிட்டது. கருவாடு காயவில்லை, துணி காயவில்லை, பாப்பாவின் மூக்கு காயவில்லை. சேகர் பேசுவதையே குறைத்துக்கொண்டார். இந்த நேரம் பார்த்துத்தான் கெளுத்திக்குப் பல் ஊறல் வந்தது. தார்ப்பாய் கட்டிய கயிற்றை ராத்திரி எப்போதோ மென்று நூலாக்கி வைத்திருக்கிறது. காலையில் வெயில் லேசாக அடிக்கிறதே என்ற சந்தோஷத்தில் பொன்னேரி ரோட்டில் வேகமாகப் போனோம். கயிறு அறுந்து, தார்ப்பாய் பறந்து, நெத்திலி மூட்டை வாய் பிளந்து ரோடு முழுக்க வெள்ளி கொட்டின மாதிரி ஆகிவிட்டது.

நானும் சேகரும் குனிந்து வாரினோம். அவசரத்தில் பாதி மூட்டையை ஒரே தம்மில் தூக்கப் போய் அவருக்கு மணிக்கட்டு பிசகியது. வலியில் அவர் என்னைத் திட்டவில்லை, கெளுத்தியையும் திட்டவில்லை. "பொங்கல் வரைக்கும்லாம் வேணாம். இந்த நடையே கடைசி. ரெண்டையும் எங்கம்மா ஊட்ல வுட்டுட்டு வந்துடறேன்" என்றார், மெதுவாக. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். இதற்கு? குனிந்து மிச்ச நெத்திலியை வாரினேன்.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் பழவேற்காடு பஸ் வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் மீனை ரோட்டோரமே பரப்பிக் காய வைப்பார்கள், கண்டக்டருக்கு அது பழக்கம். படியில் தொங்கிக்கொண்டே கேட்டார்:

"இன்னாம்மா, ஓரமா காய வெச்சினு இருந்தீங்க, இப்ப நடு ரோட்டுக்கே வந்துட்டீங்களா?"

ஏறினது யார்?

அந்த நடையில் கடைசியாக கும்மிடிப்பூண்டிக்கு அந்தாண்ட ஒரு சந்தை. சேகர் கை வீங்கியிருந்ததால் அன்றைக்கு ஸ்டீயரிங் என்னிடம். லைசென்ஸ் எனக்கும் இருக்கிறது. ஆகவே தார்ப்பாய் கட்டி, கதவு சாத்தி, ரெண்டு தட்டு தட்டுகிற என் வேலை அவரிடம் போனது. பக்கத்தில் பூண்டு விற்கிறவர் வண்டி, அதுவும் குட்டி யானை, அதற்கும் நீலத் தார்ப்பாய். ஆந்திரா பக்கத்து மனுஷர், மச்சானோடு வருவார், மச்சானும் ரெண்டு தட்டு தட்டிவிட்டுப் பின்னால் ஏறிக்கொள்வார். வாராவாரம் பார்க்கிற முகம்.

சந்தை கலைகிற நேரம் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் கதவைச் சாத்திய சேகர், கோணியைத் தலைக்குக் கவிழ்த்துக்கொண்டு, தண்ணீரில் மிதந்த பாப்பாவின் செருப்பைத் துரத்திக்கொண்டு போனார். எடுத்து நிமிர்ந்தவர், எதிரில் இருந்த பின்கதவில் ரெண்டு தட்டு தட்டினார். ஓடி வந்து என் பக்கத்தில் ஏறினார். நானும் கிளப்பினேன். பாப்பா அவர் மடியில், சொன்ன பேச்சே கேட்காத கெளுத்தி என் காலடியில். கவரைப்பேட்டை டீக்கடையில் ராணிக்குப் பொறை வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். கோணிதான் இருந்தது. ராணி இல்லை. "ராணி எங்கம்மா?" என்று பாப்பா கேட்டாள். சேகர் தன் நல்ல கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் எந்த வண்டியத் தட்டினேன்?" என்றார். அப்புறம், "திருப்பு" என்றார்.

சந்தை மேட்டில் ஒரு நாய்கூட இல்லை. பூண்டுக்காரரின் மச்சான் மட்டும் கையில் பார்சல் டீயோடு நனைந்து நின்றிருந்தார். டீ வாங்கப் போன நேரத்தில் அவருடைய பாவா, அதாவது அக்கா புருஷன், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். இவர் போனும் அந்த வண்டியிலேயே போய்விட்டது. சேகர் போனிலிருந்து அந்த நம்பருக்கே அடித்தோம். "பாவா, நான் சந்தையிலயே நின்னுக்கினு கீறேன்" என்று மச்சான் அழாத குறையாகச் சொன்னார். அந்தப் பக்கம் வண்டி பிரேக் அடிக்கிற சத்தம் கேட்டது.

"அப்போ ரெண்டு தட்டு தட்டி பின்னாடி ஏறி உக்காந்துக்கினு கீறது யாரு?"

பண்டமாற்று

ஆரம்பாக்கம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் பூண்டு வண்டி நின்றது. மச்சானை இறக்கிவிட்டோம். எங்கள் பொருள் இறங்க மறுத்தது. பூண்டு மூட்டைமேல், ஈரம் படாமல், மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. "இத்தினி நேரமா எறங்கு எறங்குன்னு தட்டறேன்மா, தட்டத் தட்ட இன்னும் உள்ள போவுது" என்று பூண்டுக்காரர் நொந்துகொண்டார். சேகர் எங்கள் வண்டிப் பின்கதவைத் திறந்து, வீங்கிய கையை மறந்து, அந்தக் கையாலேயே ரெண்டு தட்டு தட்டினார். ராணி ஒரே தாவில் எங்கள் வண்டிக்குள் வந்து விழுந்தது. பழக்க தோஷம், மச்சானும் ஒரு காலைத் தூக்கி எங்கள் படியில் வைத்துவிட்டார்.

ராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பாப்பா விடவில்லை. சேகரும் விடவில்லை. மூன்று பேர்மேலும் பூண்டு வாடை. நான் பாத்திரத்தில் பொறையை உடைத்துப் போட்டுக்கொண்டே, யாரையோ கேட்கிற மாதிரி கேட்டேன்: "அப்ப நேரா உங்கம்மா ஊட்டுக்கு வுடட்டா வண்டிய? ரெண்டையும் எறக்கிட்டுப் போவலாம்." அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"எங்கம்மாவ வேணா இங்க ஏத்திக்கோ. இதுங்க ரெண்டும் எறங்காது."

அன்றிலிருந்து கிளம்புமுன் பாப்பா, ராணி, கெளுத்தி என்று மூன்று பேரையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சேகர் வண்டியை எடுக்கிறார். பின்னால் நின்று தட்டுகிறவள் ஏறினாளா என்று மட்டும் இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை, நான்தான் ஓடி ஏறிக்கொண்டிருக்கிறேன்.