நான் தாண்டிப் படித்த அத்தியாயம்

அந்தமானில், கராச்சர்மாவில் ஒன்பது வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவனுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. மூன்று தலைமுறையாகத் தீவிலேயே இருக்கும் குடும்பம். பள்ளிக்கூடம் முழுக்க இந்தி. அதனால் என் நாவல் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நானே அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஊருக்கு ரூம்மேட் என்று சொல்லிக்கொண்டு சேர்ந்து வாழும் இரண்டு ஆண்களின் கதை. எதையும் பூசி மெழுகாமல் எழுதிவிட்டதாக எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஓர் அத்தியாயத்தை மட்டும் சத்தமில்லாமல் தாண்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

“அரே, உங்க அம்மா வந்த கதை எங்க போச்சு?”

ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மா மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து பன்னிரண்டு நாள் தங்கினாள். அவள் திரும்பிப் போகும்வரை வேறெங்காவது இரு என்று அவனிடம் சொன்னவன் நான். பெரார்கஞ்சில் தூரத்து அத்தை இருக்கிறாள் என்று சிரித்துக்கொண்டே பையைத் தூக்கினான். எழுதியபோது கை கூசவில்லை; இப்போது நாக்கு கூசியது. வேறு வழியில்லாமல் படித்தேன். வயல், பாக்குத் தோப்பு, அத்தை வைத்த மீன்குழம்பு என்று அவனை அங்கே சௌகரியமாக உட்கார வைத்திருந்தேன்.

கேட்டு முடித்துச் சொன்னான்: “நல்லாதான் இருக்குடா. ஆனா ஜூட், அத்தனையும் பொய். எனக்கு அங்க அத்தையே கிடையாது. நான் வேலை பாக்குற போட் வொர்க்ஷாப்லதான் படுத்துக்கிட்டேன், எஞ்சின் பக்கத்துல.”

“ஏன்டா சொல்லல?”

“சொல்லியிருந்தா அம்மாகூட உக்காந்து ஒரு வேளை சோறு உனக்கு இறங்கியிருக்குமா?”

மனசைப் பற்றி நானூறு பக்கம் எழுதியவன் நான். இவனோ ஆறு வருஷம் ஒரு வார்த்தை பேசாமல், முகம் கோணாமல் இதைச் சுமந்திருக்கிறான். பக்கத்திலேயே இருப்பவன் இவ்வளவு பெரிய ஆள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

“அப்படியே எழுது,” என்றான். “ரோனா தோனா, அழுகை கிழுகை மட்டும் வேணாம். தினம் பசங்களோட கேரம் ஆடினேன். நான்தான் ஜெயிச்சேன்.”

வயலையும் தோப்பையும் அடித்துவிட்டு அப்படியே எழுதினேன்.

போன வாரம் அம்மா கூப்பிட்டு, அடுத்த மாதம் வருவதாகச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டேதான் இருந்தான். போனை வைப்பதற்குள் அலமாரியிலிருந்து பையை எடுத்துவிட்டான். நான் அதை வாங்கித் திரும்ப உள்ளே வைத்தேன்.