வாய் ஓயாமல் திராட்சை வெட்டியது

திராட்சை வெட்டும் வேலையில் கைக்கும் கழுத்துக்கும் ஓய்வே கிடையாது என்பார்கள். ஆனால் அதிகம் சோதிக்கப்படுவது வாய்தான். பந்தலுக்குக் கீழே நாள் முழுக்க அண்ணாந்து நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். மூக்குக்கு நேரே கொத்துக் கொத்தாகத் தொங்கும். ஒன்றைக்கூடத் தின்னக் கூடாது.

வாய்க்கு ஒரு வேலை

ஓடைப்பட்டியில் ஒரு தோட்டத்துக்கு ஏழு பெண்களை என் பொறுப்பில் கூட்டிப் போனேன். அதற்கு முன் பல வருடம் ஜீப்பில் நசுங்கி மலையேறி ஏலக்காய் பறிக்கப் போனவர்கள் நாங்கள். ஒவ்வொரு வளைவிலும் எனக்கு உயிர் போய்த் திரும்பி வரும். இந்தத் தோட்டமோ வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஆனால் முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார்: யாராவது பழம் தின்றால் மறுநாள் வேறு ஆட்கள். முந்தின கூட்டம் அப்படித்தான் போனதாம்.

மறுபடியும் ஜீப்பா? பேசுகிற வாய் தின்னாது என்று யோசித்து, நாக்கு சுற்றிக்கொள்வதுபோல ஒன்றைக் கட்டினேன்: "பந்தலுக்குள்ள பத்துக் கொத்து, பத்துக் கொத்துல பச்சக் கொத்து, பச்சக் கொத்த விட்டுப்புட்டுப் பழுத்த கொத்த வெட்டு." நான் யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேனோ அவள் மூச்சு விடாமல் மூன்று தடவை சொல்ல வேண்டும். வாயில் பழம் இருந்தால் முதல் கொத்திலேயே தெரிந்துவிடும். என் நாத்தனார் சரசு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அஞ்சாப்போட பள்ளிக்கூடத்த விட்டு ஓடுனவ, இங்கன வந்து எங்களுக்கு டீச்சரா மதினி?"

பதில் வராத வரிசை

ஆனாலும் எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. ஆளாளுக்குப் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி தடுமாறினால் பந்தலே அதிரும்படி சிரிப்பு. கழுத்து வலி கொஞ்சம் மறந்தது.

ஒரு நாள் சரசுவை மூன்று தடவை கூப்பிட்டும் சத்தமில்லை. எட்டிப் பார்த்தால், கன்னம் ஒரு பக்கம் உருண்டையாக இருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சொந்த நாத்தனாரே என்னை ஜீப்பில் ஏற்றப் பார்க்கிறாளே! "துப்புடி வெளியில!" என்று கத்தினேன். பாவம், கடைவாய்ப் பல் வீங்கியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "பழத்தக் கடிக்க முடிஞ்சா நான் ஏன் மதினி அழுகுறேன்?"

வீட்டிலிருந்து கிராம்பு கொண்டுவந்து கொடுத்து சமாதானம் செய்தேன்.

லாரிக்காரரின் பந்தயம்

பழம் ஏற்ற வந்த மலையாள டிரைவர் எங்கள் சத்தத்தைக் கேட்டு உள்ளே வந்தார். தங்கள் ஊரிலும் இப்படி ஒன்று உண்டு என்று "உருளியிலொருருள" என்பதை எடுத்துவிட்டார். உருளி என்கிற பாத்திரத்தில் ஓர் உருண்டைச் சோறு என்று அர்த்தமாம். மலையில் மலையாளம் கேட்டுப் பழகிய எங்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. எட்டுப் பேரும் கடகடவென்று சொல்லிவிட்டோம். பிறகு எங்கள் 'பத்துக் கொத்தை' அவரைச் சொல்லச் சொன்னோம். இரண்டாவது கொத்திலேயே நின்றுவிட்டார். வேகம், இன்னும் வேகம் என்று நாங்கள் சொல்லிக் காட்ட, அவர் வாயைப் பொத்திக்கொண்டு லாரிக்கு நடந்தார்: "எண்டெ நாக்கு உளுக்கிப் போயி, சேச்சி!"

முதலாளி வந்தார்

சிரித்து முடித்துக் குனிந்து பார்த்தால் வாயின் வேகத்துக்குக் கத்தரியும் ஓடியிருக்கிறது. "பச்சக் கொத்த விட்டுப்புட்டு" என்று சொல்லிக்கொண்டே ஒரு பெட்டி நிறையப் பச்சைக் கொத்தாக வெட்டி வைத்திருக்கிறோம்! மறைக்க நேரமில்லை. வரிசை முனையில் முதலாளியின் வெள்ளைச் சட்டை தெரிந்தது.

வந்தவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. எனக்கு மலை வளைவுகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் சுற்றின. அந்த நேரம் பார்த்து, அடுத்த வரிசையிலிருந்த சரசு, இலை மறைவில் ஆள் யாரென்று தெரியாமல் அதட்டினாள்: "யாருடி அங்கன பேச்சுமூச்சில்லாம நிக்கிறது? கொத்தச் சொல்லு பாப்போம்!"

தினமும் காதில் விழுந்த பழக்கத்தில் முதலாளியும் வாயைத் திறந்தார். "பந்..." அவ்வளவுதான். கறுப்புச் சாறு உதட்டிலிருந்து வழிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கியது. வழி நெடுகப் பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். அதனால்தான் திட்டக்கூட முடியாமல் நின்றிருக்கிறார்! எட்டிப் பார்த்த சரசு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவரே மென்று விழுங்கி, துண்டால் வாயைத் துடைத்து, சிரித்துவிட்டார். "பச்சைய ஊறுகாய்க்குக் கொண்டுபோங்கத்தா. நாளைக்கும் நீங்களே வாங்க. நான் வாரப்ப மட்டும் அந்தக் கொத்தச் சொல்லச் சொல்லாதீக!"

அந்த வருடம் எங்கள் எட்டு வாயும் ஓயவில்லை. தோட்டத்தில் பழம் குறைந்ததெல்லாம் முதலாளி நடந்து வந்த வரிசையில்தான்.