ராஜா வரும் வாய்ப்பு

காசைச் சுண்டிவிட்டால் தலையா பூவா என்கிற கணக்கெல்லாம் தேவயானிக்குத் தண்ணீர் பட்ட பாடு. பகடைக் கணக்கும் அப்படித்தான். மகள் யாமினியின் லூடோ டப்பாவிலிருந்து பகடையை எடுத்து அடுப்படியில் உருட்டி உருட்டியே படித்துவிட்டாள். இடறியது சீட்டுக்கட்டுக் கணக்கில்தான். ஒரு கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்தால் அது ராஜாவாக இருக்கும் வாய்ப்பு என்ன? கட்டுக்குள் எத்தனை ராஜா என்றே தெரியாதவளிடம் கேட்டால் அவள் என்ன செய்வாள்? எல்லார் வீட்டு அலமாரியிலும் ஒரு சீட்டுக்கட்டு இருக்கும் என்று அந்தப் பாடநூல் எழுதிய புண்ணியவான்களுக்கு யார் சொன்னார்களோ!

தேவயானி வீட்டில் சீட்டு நுழையாது. அவளுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று கணவன் முனிகிருஷ்ணன் மாந்தோப்பு மோட்டார் கொட்டகையில் சீட்டாடிக்கொண்டிருந்தான். ஆள் போய்க் கூப்பிட்டதற்கு, "இந்த ஆட்டம் முடியட்டும், தோ வந்துட்டேன்" என்றானாம். பக்கத்து வீட்டு ஜெயம்மாவின் தோளில் சாய்ந்து, ஷேர் ஆட்டோவில்தான் அவள் சத்தியவேடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவன் வந்து சேர்ந்தபோது யாமினி பிறந்து, அழுது, பால் குடித்துத் தூங்கியும் விட்டிருந்தாள்.

அந்த வெட்கத்தில்தான் ஊர் பொன்னியம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, இனிமேல் சீட்டைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தான். கற்பூரம் அணைத்தவன் சொல் மாறினால் குடும்பம் தழைக்காது என்பது ஊர் நம்பிக்கை. யாமினி இப்போது மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அவனும் தொடவில்லை. ஆனாலும் தோப்புப் பக்கம் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தால், லுங்கியை மடித்துக் கட்டுகிற சாக்கில் அவன் நடை மெதுவாவதை அவள் பார்த்திருக்கிறாள். பார்த்த அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது.

ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. ஷிப்டு முழுக்க நின்றபடியே பெட்டியில் சாமான் அடுக்க வேண்டும். டிகிரி இருந்தால் தரம் பார்க்கிற பிரிவுக்குப் போகலாம். அங்கே உட்கார நாற்காலி உண்டு. வீங்கின முழங்காலுக்கு அந்த நாற்காலியே மோட்சம். அதற்காகத்தான் தபாலில் படித்தாள். மற்றதெல்லாம் தேறி, ஸ்டாடிஸ்டிக்ஸ் மட்டும் இரண்டு தடவை கவிழ்த்துவிட்டது. இந்தத் தடவையும் போனால் மறுபடி முதலிலிருந்து சேர வேண்டும்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது முனிகிருஷ்ணன் வந்து நின்றான்.

"இன்னாமே, அதையே முறைச்சுக்கினு கீற?"

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் அவள் புத்தகத்தை மூடினாள். அவன் வாங்கிப் பார்த்தான். பக்கத்தில் சீட்டுப் படம் அச்சாகியிருந்தது. சிரித்துவிட்டான்.

"இதுக்கா மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு கீற? என்னக் கேக்கக் கூடாதா?"

"வாணாம் யாமினி நைனா. அந்தப் பேச்சே வாணாம்."

"தொடமாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன். பேசமாட்டேன்னா சொன்னேன்?"

சொல்ல ஆரம்பித்தான். ஆர்ட்டினும் டைமனும் சிவப்பு, கிளாவரும் இஸ்பேட்டும் கறுப்பு. ஒவ்வொன்றிலும் பதிமூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு ஜாக்கி. "அப்புறம் ஒரு ஜோக்கரு. மொத்தம் கட்டுக்கு அம்பத்தி மூணு. நாலு ராஜாவ அம்பத்தி மூணால வகுத்துப் போடு, அவ்ளோதான்."

புத்தகத்தில் ஐம்பத்திரண்டு என்று இருந்தது. ரம்மி ஆடுகிறவனுக்கு ஜோக்கர் இல்லாத கட்டு கட்டே இல்லை. பரீட்சைக்காரர்களுக்கோ ஜோக்கரே கிடையாது. அவள் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் சொல் வரவில்லை. அவளுக்குப் படிப்பு விஷயத்தில் எதையாவது சொல்லித்தர அவனுக்கு அதுவரை வாய்த்ததே இல்லை. போகட்டும் என்று விட்டுவிட்டாள். தான் மட்டும் ஐம்பத்திரண்டு என்று போட்டுக்கொண்டாள்.

அன்று முதல் கழனியிலிருந்து வந்ததும் அவனே கேட்பான், "இன்னிக்கு இன்னா கணக்கு?" ஒரு சீட்டை எடுத்துத் திரும்ப வைக்காமல் இன்னொன்றை எடுத்தால் என்னவாகும் என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. அவன் ஒரே மூச்சில் சொன்னான்: "ஒரு ராஜா உங்கைக்கு வந்துட்டா அப்பால மூணுதானே மிச்சம்? கட்டுலயும் ஒண்ணு கொறஞ்சிடும்ல?" பளிச்சென்று புரிந்தது. புரிந்த சந்தோஷம் முழுசாக நெஞ்சில் தங்கவில்லை. பேசும்போது அவன் கட்டைவிரல், இல்லாத சீட்டுகளை விசிறியாக விரித்துக்கொண்டிருந்தது. பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடுமோ? தன் கையாலேயே கதவைத் திறந்துவிட்டோமோ? நிறுத்து என்று சொல்லவும் முடியவில்லை, பரீட்சை நெருங்கிவிட்டது.

பரீட்சை திருப்பதியில். துணைக்கு வருகிறேன் என்று அவனும் பஸ் ஏறினான். திருப்பதியில் அவனுடைய பழைய ஆட்டக் கூட்டாளி சிட்டிபாபு இருக்கிறான் என்பது வழியில் ஏர்பேடு தாண்டும்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அதன்பிறகு படித்தது ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை.

"இங்கியே குந்திக்கினு இரு. எங்கியும் போவாத" என்று காலேஜ் கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் அவனை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஐந்தாவது கேள்வி அதேதான்: இரண்டு சீட்டுகளும் ராஜாவாக இருக்கும் வாய்ப்பு. ஐம்பத்திரண்டில் நான்கு, பெருக்கல், ஐம்பத்தொன்றில் மூன்று. இருநூற்று இருபத்தொன்றில் ஒன்று என்று விடை அழகாக வந்தது. மரத்தடியில் அவன் இருப்பானா மாட்டானா என்பதற்குத்தான் விடை இல்லை. பேப்பரைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள்.

மரத்தடியில் அவன் இல்லை.

அவன் போனுக்கு அடித்தாள்; மணி போனது, எடுக்கவில்லை. கேட்டுக்கும் ரோட்டுக்கும் அலைந்தாள். எதிர் வரிசையில் பூட்டிக்கிடந்த ஒரு கடையின் படியில் அவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். முன்னால் துண்டு விரித்து, அதன்மேல் புத்தம்புதுச் சீட்டுகளைப் பதிமூன்று பதிமூன்றாக அடுக்கியிருந்தான். அவள் ரோட்டைத் தாண்டிப் போய் அவன் முன்னால் நின்றாள்.

அவளைக் கண்டதும் அவன் கண்ணில் நீர் முட்டியது.

"தப்பா சொல்லிட்டேன்மே. முன்னாடியே வெளிய வந்த பசங்க அம்பத்திரெண்டுன்னு பேசிக்கினாங்க. எனக்குப் பதறிப்போச்சி. ஃபேன்சி ஸ்டோர்ல ஒரு கட்டு வாங்கி எண்ணிட்டேன். ஜோக்கர எடுத்துட்டா அம்பத்திரெண்டுதான். என்னால உன் பரீட்ச பூடுச்சா?"

"பூடல. நானும் அம்பத்திரெண்டுன்னுதான் எழுதினேன். புக்குலயே இருந்துச்சி."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் அன்னிக்கே சொல்லல?"

அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டு இங்கே வந்திருக்காது. அந்த நினைப்பு அவள் நெஞ்சை அறுத்தது. ஆனால் நாலு பதிமூன்று ஐம்பத்திரண்டு என்று அவன் மனதிலேயே போட்டிருக்கலாம், அதற்குக் கட்டு வாங்க வேண்டியதே இல்லை. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியாமல் இருக்காது.

"அப்பாடா, பாஸாயிடுவ" என்று அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். துண்டிலிருந்த சீட்டுகளை வாரிப் படியில் தட்டிச் சேர்த்தான். கட்டு இரண்டாகப் பிரிந்தது, சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று விழுந்து மறுபடி ஒன்றானது. அவன் கையைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

தேவயானி கையை நீட்டினாள். "குடு அத."

"இரு," என்றான் முனிகிருஷ்ணன். "கலைச்சிட்டுத் தரேன்."