இரண்டு ஆபீசுக்கு ஒரு பாத்தி

காலை ஆறு மணிக்குப் பூங்காவின் பூட்டைத் திறக்கிறார். எட்டரைக்குப் பூட்டுகிறார். ஒன்பதுக்கு மறுபடியும் திறக்கிறார். ஆறு முதல் எட்டரை வரை உள்ளூர்க்காரர்கள் சும்மா நடக்கலாம், ஒன்பதிலிருந்து டிக்கெட். இடைப்பட்ட அரை மணி நேரம் பூங்காவுக்குள் ஈ காக்கை இருக்கக் கூடாது என்பது ஏற்பாடு. ஆனால் கடைசி மூலை பெஞ்சில் முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும் என்னைப் போன்ற ஆசாமிகள் அவர் கண்ணில் படுவதே இல்லை. இதுவரை நான்கு முறை என்னை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கூப்பிட்டால் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே யோசிப்பார். "இப்பத் தெறக்கலாமா கூடாதான்னு தெரியலியே சார். எட்டரைக்கு மேல தெறந்தா டிக்கெட்டக் கேப்பாங்களே." வெளியே போகிறவனுக்கு எதற்கு டிக்கெட் என்று கேட்டால் அதற்கும் யோசிப்பார். யோசித்து முடிக்கும்போது ஒன்பதாகிவிடும்.

பெயர் திருமலைச்சாமி. கொடைக்கானலில் ஏரிக்கு மேலே, சரிவில் இருக்கும் இந்தச் சின்னப் பூங்காவின் காவலர், தோட்டக்காரர், டிக்கெட் கிழிப்பவர், சறுக்குமரத்தில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளை இறக்கிவிடுபவர் எல்லாம் அவர்தான். வயது ஐம்பத்தாறு. சொந்த ஊர் கூக்கால். அங்கே மனைவி கருப்பம்மாள் பூண்டும் பீன்சும் போட்டுக் காட்டைப் பார்த்துக்கொள்கிறார். காடு என்றால் வனம் இல்லை, அவர்கள் பேச்சில் வயலுக்கு அதுதான் பெயர். பஸ் குறைவு என்பதால் இவர் வாரம் ஆறு நாள் இங்கே ஓர் அறையில் தங்கிக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போவார். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர். காக்கிச் சட்டையை ஸ்வெட்டருக்கு மேலேதான் போடுவார். சட்டை உள்ளே இருந்தால் யூனிஃபார்ம் போட்டதாகக் கணக்கு இல்லையாம். பூங்காவில் கொடுத்த பூட்ஸ் ஒன்பதாம் நம்பர், கால் ஏழாம் நம்பர். மிச்சத்துக்குப் பழைய செய்தித்தாளைத் திணித்திருக்கிறார். நடந்தால் சரக் சரக் என்று கேட்கும், எங்கே இருக்கிறார் என்று பனிமூட்டத்திலும் கண்டுபிடித்துவிடலாம்.

அவருடைய குழப்பத்துக்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்தப் பூங்காவுக்கு இரண்டு அலுவலகங்கள் பொறுப்பு. ஒன்று மேட்டில் இருக்கிறது, ஒன்று பள்ளத்தில். அதனால் அவருக்கு அவை மேல ஆபீஸ், கீழ ஆபீஸ். கேட், டிக்கெட், பெஞ்சு, கக்கூஸ் எல்லாம் கீழ ஆபீஸ். செடி, கொடி, புல் எல்லாம் மேல ஆபீஸ். புல் பாதைக்குள் வளர்ந்துவிட்டால் யாருடையது என்பதில் ஒரு வருடமாகக் கடிதப் போக்குவரத்து நடக்கிறது, புல்லும் வளர்ந்துகொண்டிருக்கிறது. நுழைந்ததும் இடது பக்கம் 'புல்தரையில் நடக்காதீர்' என்று ஒரு பலகை. பத்தடி தள்ளி, 'வெறுங்காலுடன் புல்தரையில் நடப்பது உடலுக்கு நல்லது' என்று இன்னொரு பலகை. இரண்டையும் இவர்தான் நட்டார். எதைக் கேட்பது என்று ஒரு நாள் கேட்டேன். இரண்டையும் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஓரமா நடங்க சார்" என்றார்.

இந்தப் பூங்காவில் அவருக்குச் சந்தேகமே இல்லாத விஷயம் ஒன்று உண்டு. அது காட்டுமாடு. விடியலில் சில நாள் ஒரு பெரிய காட்டுமாடு பின்வேலியைத் தாண்டி வந்து ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நின்று மேயும். நாங்கள் நடக்க வந்தவர்கள் ஆளுக்கொரு மரத்துக்குப் பின்னால் ஒடுங்கிக்கொள்வோம். திருமலைச்சாமி மட்டும் இருபதடி தள்ளி நின்று, சம்பந்தி வீட்டாரிடம் பேசுகிற மாதிரி பேசுவார். "சோலி முடிஞ்சுதுல்ல, வெரசா கெளம்புங்க. எட்டரைக்குப் பூட்டணும்." அதுவும் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பிப் போகும். எங்கள் சொல்லைவிட அவர் சொல்லுக்கு அங்கே மரியாதை அதிகம். அது போட்டுவிட்டுப் போகும் சாணத்தை அள்ள வேண்டியது எந்த ஆபீஸ் என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

போன டிசம்பரில்தான் வம்பு வந்தது.

பூங்காவின் நடுவில் ஒரு வட்டப் பாத்தி. அதில் மேல ஆபீஸ் எங்கிருந்தோ பெட்டியில் வரவழைத்த லில்லிக் கிழங்குகளை வைத்திருந்தது. ஒரு தடவை பூத்து, ஊரே வந்து படம் பிடித்துக்கொண்டு போனது. பூ முடிந்ததும் இலை பழுக்கத் தொடங்கியது. பழுத்தாலும் இருக்கட்டும், கை வைக்க வேண்டாம் என்று மேல ஆபீஸிலிருந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் கீழ ஆபீஸ்காரர் வந்து, நடுவில் இப்படிக் காய்ந்து கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், சுத்தம் பண்ணு என்றார். திருமலைச்சாமி ஒரு பகல் முழுக்க அந்தப் பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு அவருக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தார். கூக்காலில் பூண்டின் தாள் பழுத்தால் என்ன செய்வார்களோ அதை.

எண்பத்து நான்கு கிழங்குகளையும் தாளோடு பிடுங்கினார். மண்ணை உதறினார். பத்துப் பத்தாகப் பிரி போட்டுக் கட்டினார். மண்வெட்டி வைக்கும் கொட்டகையில் அவர் டீ போடுகிற விறகடுப்பு ஒன்று உண்டு, அதற்கு மேலே குச்சி கட்டி வரிசையாகத் தொங்கவிட்டார். அவர்கள் பக்கம் விதைப்பூண்டை இப்படித்தான் புகையில் போட்டு வைப்பார்கள், பூச்சி அண்டாது, மாதக்கணக்கில் கெடாது. பாத்தியும் சுத்தம், கிழங்கும் பத்திரம், இரண்டு ஆபீஸ் சொன்னதும் ஆயிற்று என்று நிம்மதியாக இருந்துவிட்டார். நானே அந்தக் கொட்டகையில் அவரோடு டீ குடித்திருக்கிறேன். தலைக்கு மேலே தொங்குவதைப் பூண்டு என்றே நினைத்தேன்.

ஜனவரிக் கடைசியில் மேல ஆபீஸின் புது மேற்பார்வையாளர் சுகன்யா வந்தார். இருபத்தாறு வயது, விவசாயக் கல்லூரிப் படிப்பு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் மண்டிக்காரர் மகள். வெறும் மண்ணாய்க் கிடந்த பாத்தியைப் பார்த்தார், கொட்டகைக்குள் வந்து மேலே பார்த்தார், டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டார். லில்லிக் கிழங்குக்குப் பூண்டு மாதிரி மேல்தோல் கிடையாது, ஈரமண்ணில்தான் வைக்க வேண்டும், காயவிட்டால் உயிர் போய்விடும் என்று அவர் நிதானமாகத்தான் விளக்கினார். திருமலைச்சாமி தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "எல பழுத்துச்சு, எடுத்தேன் மேடம். கெழங்குன்னா எடுக்கணும், கட்டணும், பொகை காட்டணும். வேற என்ன செய்வாங்க?" என்றார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் போய்விட்டார்.

மூன்றாம் நாள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதில் எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் கொண்டுவந்தார். யாருக்கு எழுதுவது என்று பார்த்தால் முத்திரை கீழ ஆபீஸுடையது, கையெழுத்து மேல ஆபீஸுடையது. முப்பது வருடம் குமாஸ்தா வேலை பார்த்த எனக்கே தலை சுற்றியது. இரண்டு பேருக்கும் ஒவ்வொரு பிரதி எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு வந்த முடிவுதான் வேடிக்கை. புகையில் கிடந்த கிழங்கையே திரும்ப நட வேண்டும். மார்ச் மூன்றாவது திங்கட்கிழமைக்குள் முளை தெரியவில்லை என்றால், மே மாதக் கோடை விழாவுக்காகப் பாத்தியைக் கொத்திவிட்டுப் பூந்தொட்டிகளை இறக்கிவிடலாம், ஆளையும் மாதக் கடைசியோடு நிறுத்திவிடலாம். இரண்டு அலுவலகங்களும் ஒத்துப்போய் எடுத்த முதல் முடிவு இது. அவர் நிரந்தர ஆள் இல்லை, ஒரு வார்த்தையில் நிறுத்திவிட முடியும்.

வேலை போனால் போகட்டும், காடு இருக்கிறது என்று அவர் சொல்லக்கூடும். சொல்லவில்லை. காரணம் மகள் தமிழ்மதி. ஆயக்குடியில் கொய்யாத்தோப்பு உள்ள குடும்பத்தில் அவளுக்குப் பேசி முடித்திருக்கிறார்கள். நம்ம சம்பந்தி கொடைக்கானலில் ஒரு பார்க்கையே பார்த்துக்கொள்கிறார் என்று அவர்கள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். கோடை விழாவுக்கு வேன் பிடித்துப் பத்துப் பேர் வருகிறார்களாம். இதைச் சொன்னபோது மட்டும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பூட்டுன கேட்டுக்கு வெளிய அவுங்களோட சேந்து நானும் நிக்கணும் சார்" என்றார். முட்டி வலி என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி முதல் வாரம் நட்டார். ஒரு சாண் இடைவெளி விட வேண்டும் என்று சுகன்யா சொல்லியிருந்தார். முதல் கிழங்கைச் சாண் அளந்து வைத்தார், இரண்டாவதையும் அளந்து வைத்தார். அதற்குப் பிறகு கை தன் பாட்டுக்குப் போய்விட்டது. நாலு விரலைப் படுக்க வைத்து, பக்கத்தில் ஒரு கிழங்கு. மறுபடி நாலு விரல், ஒரு கிழங்கு. பூண்டு ஊன்றுகிற கணக்கு அது. வட்டப் பாத்தியில் நேர் நேராய் வரிசை பிடித்து முடித்துவிட்டார். ஒரு சாண் சொன்னார்களே என்று நான் நினைவூட்டியபோது பாதிப் பாத்தி வெறுமனே கிடந்தது. "கை கேக்கல சார்" என்றார். ஆனால் பூட்ஸோடுதான் பாத்திக்குள் இறங்கி நின்றார், மண் அப்பி ஒவ்வொரு காலும் உரலாய்க் கனத்தது. கழற்றிவிடலாமே என்றேன். "நம்ம காடுன்னா வெறுங்காலோடதான் எறங்குவோம். பூண்டுப் பாத்தில செருப்பு படக் கூடாது. இது நம்ம எடமா சார்? கவர்மெண்டு எடம்."

பிறகு காத்திருப்பு. ஒரு மாதம் தாண்டியும் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளனே வந்து கேட்டைத் திறந்ததும் நேரே பாத்திக்குப் போவார். நடக்க வருகிற நாங்களும் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்போம். உயிர் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டால் தினம் ஒரு பதில். இருக்கு என்பார், இருக்காது என்பார், பொகை கொஞ்சம் தூக்கலாப் போச்சோ என்பார். அந்தக் கடைசி வாரம் சனிக்கிழமை அவர் ஊருக்கே போகவில்லை. ஞாயிறு மாலை நல்ல மழை.

திங்கட்கிழமை எட்டு மணியாகியும் கை நீட்டினால் கை தெரியாத மூட்டம். கேட்டுக்கு வெளியே பூந்தொட்டி வேன் வந்து நிற்பது சத்தத்தில்தான் தெரிந்தது. சுகன்யா செல்போன் வெளிச்சத்தோடு வந்தார். பின்னாலேயே சரக் சரக் என்று திருமலைச்சாமி. மூன்று பேரும் பாத்தி ஓரத்தில் நின்றோம். ஒன்றும் தெரியவில்லை. சுகன்யா குனிந்து வெளிச்சத்தை மண்ணோடு ஒட்டிப் பிடித்தார். செம்பச்சையாய், நகக்கண் உயரத்துக்கு என்னவோ நீட்டிக்கொண்டிருந்தது. தள்ளி இன்னொன்று.

"களையாத்தான் இருக்கும்ண்ணே. நேத்து மழைக்கு மொளச்சிருக்கும்" என்றார் சுகன்யா. குரலில் வருத்தம் இருந்தது.

திருமலைச்சாமியின் 'தெரியலியே'வுக்காக நான் காத்திருந்தேன். அவரோ குத்தவைத்து உட்கார்ந்தார். முளைக்குப் பக்கத்தில் நாலு விரலைப் படுக்க வைத்தார். சுண்டுவிரல் ஓரத்தில் அடுத்த முளை. கையை எடுத்து அதற்கு அப்பால் வைத்தார். அங்கேயும் ஒன்று. அப்படியே கையை வைத்து வைத்து வரிசையின் கடைசி வரை போய், மூட்டத்துக்குள் மறைந்து, திரும்பி வந்தார். நடுநடுவே ஒன்றிரண்டுதான் பொக்கை.

"களைக்கு நாலு விரக்கடை தெரியுமா மேடம்?"

சுகன்யாவும் உட்கார்ந்து தன் விரலை வைத்துப் பார்த்தார். மெல்லிய விரல்கள், நாலு போதவில்லை, ஐந்து வேண்டியிருந்தது. அடுத்த இடைவெளியிலும் ஐந்து. அதற்கடுத்ததிலும் ஐந்து. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு கேட்டுப் பக்கம் நடந்தார். கொஞ்ச நேரத்தில் வேன் பின்னால் நகர்ந்து, திரும்பி, இறக்கத்தில் போகும் சத்தம் கேட்டது. அப்புறம் மூட்டத்துக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. "ரெண்டு ஆபீஸ்லயும் நானே சொல்லிக்கிறேன். ஆனா ரொம்ப நெருக்கமா வச்சிருக்கீங்கண்ணே. ஒண்ணு விட்டு ஒண்ணு பேத்து, சும்மா கெடக்குற அந்தப் பாதியில நட்டுருங்க. இன்னைக்கே."

மணி எட்டரை ஆகியிருந்தது. கேட்டைப் பூட்ட வேண்டும், என்னை வெளியே அனுப்ப வேண்டும், பேர்த்து நடுவது யார் வேலை என்று கேட்க வேண்டும். எதையும் அவர் செய்யவில்லை. பாத்தியின் ஓரக்கல்லில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். உள்ளே திணித்திருந்த காகிதத்தை உருவி சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டு பூட்ஸையும் கல்லுக்கு வெளியே ஜோடியாக வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டுகிற பழக்கத்தில் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, வெறுங்காலை மண்ணில் வைத்தார்.