முதல் கையெழுத்து

அந்தக் கட்டடத்தில் யாரும் எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதில்லை. அவர் கொண்டுவந்து நீட்டினால், சுவரில் வைத்து, போன் பேசிக்கொண்டே போட்டுவிடுவார்கள். தண்ணீர் நிற்கும் அறிவிப்பு, வெள்ளையடிப்பு அறிவிப்பு, கரப்பான் மருந்து அறிவிப்பு. இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

அவருக்கு அங்கே பராமரிப்பாளர் வேலை. மோட்டார், லிஃப்ட், மாடிப்படி விளக்கு, இருபத்திநான்கு வீடுகளின் மாற்றுச் சாவி. சாவிகளைப் பலகையில் ஆணியடித்து மாட்டி வைத்திருந்ததால் அவருக்குப் பெயர் சாவி. சின்னவர்களுக்குச் சாவி அண்ணன். எல்லாக் கதவும் அவரால் திறக்க முடியும். கேட்காமல் ஒன்றையும் திறந்ததில்லை. அவர் நீட்டும் தாளில் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டதற்கு அதுதான் காரணம்.

குடியிருப்பது கீழ்த்தளத்தில், மோட்டார் அறைக்குப் பக்கத்து அறையில். மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் காலை ஷிப்ட். மோட்டார் ஓடும்போது அவர்கள் வீட்டுத் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடும். அந்த அறைக்குத் தனியாக ஒரு வாடகை ஒப்பந்தம் இருந்தது. பழைய முதலாளி போட்டுக்கொடுத்தது. "வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். ஒண்ணு போனா இன்னொண்ணும் சேர்ந்து போகக் கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தார். காலி செய்யச் சொல்வதானால் ஒரு வருஷம் முன்னால் சொல்ல வேண்டும். மனைவி அதைத் துணி அலமாரியில், புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தாள்.

போன மாதம் பழைய முதலாளி கம்பெனியை விற்றார். கட்டடமும் வாடகை ஒப்பந்தங்களும் சாவிப் பலகையும் கைமாறின. புது மேனேஜர் ஒரு பெண். முப்பது வயதிருக்கும், குரல் உயராது. இருபத்தைந்து தாள்கள் கொண்ட கோப்பு ஒன்றைக் கொடுத்தார். கம்பெனி மாறிய தகவல் கிடைத்தது என்று எல்லோரிடமும் கையெழுத்து வேண்டும், வியாழக்கிழமை நான்கு மணிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன், அது முடிந்ததும் உங்கள் வேலையையும் எழுத்தில் உறுதி செய்துவிடலாம் என்றார்.

இருபத்தைந்தில் ஒன்று அவருடையது. அதில் முதலில் போட்டார். யாராவது தயங்கினால் காட்டலாம் என்று அதை ஒரு கண்ணாடித்தாள் உறைக்குள் போட்டுக் கோப்பின் உள்ளட்டையில் செருகிக்கொண்டார். வீடு வீடாகக் காட்டவும் செய்தார். நானே போட்டுட்டேன் பாருங்க.

ஐந்தாம் மாடியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், நீங்க குடுத்தா வெத்துப் பேப்பர்லயும் போடுவேன் என்று சிரித்தார். புதன்கிழமை மாலைக்குள் இருபத்திமூன்று வீடுகள் முடிந்தன. மிச்சம் நான்காம் மாடியில் புரூப் சார் ஒருவர்தான். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர். மருந்துச் சீட்டைக்கூடத் திருத்திக் கொடுப்பார் என்று மாடிப்படியில் கேலி உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், படிச்சுட்டுத் தரேன் என்றிருந்தார்.

வியாழக்கிழமை இரண்டரை மணிக்கு அவர் கதவைத் தட்டினார் சாவி. தாள் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் ஒரு பூதக்கண்ணாடி.

"உக்காருங்க. பின்பக்கம் பாத்தீங்களா?"

"பின்னாடி என்ன சார், கம்பெனி விலாசம்."

"விலாசத்துக்குக் கீழ."

சாம்பல் நிறத்தில் எறும்பு வரிசை போல நாலு வரி. புரூப் சார் வாசித்தார். முன்பக்கம் கையெழுத்திடுபவர் தம் பழைய வாடகை ஒப்பந்தம் இன்றோடு முடிந்ததென்று ஒப்புக்கொள்கிறார். இனிப் புது விதிகள். முப்பது நாள் அவகாசத்தில் காலி செய்யச் சொல்லலாம்.

சாவி கண்ணாடியை வாங்கித் தானே ஒருமுறை பார்த்தார். பிறகு கேட்டார். "கட்டடத்தை அவங்க வாங்கிட்டா பழைய ஒப்பந்தம் செல்லாதா?"

"கம்பெனி கைமாறினா ஒப்பந்தமும் அப்படியே கூடப் போகும். அதை அவங்களா மாத்த முடியாது. நாமளே போதும்னு எழுதிக் குடுத்தா உண்டு. எழுதி வாங்கத்தான் உங்களை அனுப்பியிருக்காங்க." கண்ணாடியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "அவங்க வந்து கேட்டிருந்தா ஒருத்தன் போட்டிருக்க மாட்டான்."

சாவி மாடிப்படியில் உட்கார்ந்தார். கோப்பு மடியில் இருந்தது. கொடுத்துவிட்டால் வேலை உறுதி. கொடுக்காவிட்டால் இந்த வேலை இன்றைக்கே போகலாம். கையில் கிடைத்த சோற்றை யாராவது தட்டிவிடுவார்களா? அலமாரியில் புடவைக்கடியில் இருக்கும் தாளை நினைத்தார். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். வேலை போனாலும் படுக்க இடம் ஒரு வருஷத்துக்காவது இருக்கும். அதற்குள் ஏதாவது பார்க்கலாம். எழுந்துவிட்டார்.

மேலிருந்து வீடு வீடாகத் தாளைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார். ஆறாம் மாடியில் இரண்டு கதவு திறந்தது, இரண்டு திறக்கவில்லை. திறக்காத வீட்டுத் தாள்களைக் குறுக்கே கிழித்துக் கதவிடுக்கில் உள்ளே தள்ளினார். சாவிகள் இடுப்பில் இருந்தன. தொடவில்லை. ஐந்தாம் மாடியில் கார்க்காரர் தாளை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நேத்து போடுங்கன்னீங்க, இன்னிக்கு கிழிங்கறீங்க. நீங்க எந்தக் கட்சிண்ணே?"

"கிழிச்சுருங்க தம்பி. அப்புறம் சொல்றேன்."

"வண்டிய எடுக்கச் சொல்லிட்டு பிரேக்ல கால வைக்கிற ஆளு நீங்க." ஆனால் கிழித்தார். கிழித்தபிறகு சிரிப்பு நின்றது. "வம்புல மாட்டிக்கிட்டீங்களா?"

சாவி அதற்குள் அடுத்த கதவில் நின்றார். ராத்திரி வேலை முடிந்து தூங்கும் நர்ஸை எழுப்ப வேண்டியிருந்தது. மூன்றாம் மாடியில் கைக்குழந்தைக்காரி, ஏன் எதற்கு என்று கேட்கவேயில்லை. நேற்றுப் போட்டது போலவே இன்றும் அவர் முகத்தைப் பார்த்தபடி கிழித்தாள். முழங்கால் வலி இரண்டாம் மாடியில் தொடங்கியது. முதல் மாடியில் ஒரு காது கேளாதவருக்கு எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. கடைசித் தாள் கைமாறும்போது நான்காக எட்டு நிமிஷம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கீழே வந்தபோது மனைவி வேலையிலிருந்து வந்து, கை கால் கழுவிவிட்டு நாற்காலியில் இருந்தாள். இரண்டு வாக்கியத்தில் சொன்னார். வேலை போனா போகுது, வீடு நம்ம கைல இருக்கில்ல என்றாள். அவர் தண்ணீர் குடித்தார்.

நான்கு மணிக்குப் புது மேனேஜர் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தது சாவிக்கு அப்போதும் பிடித்தது. நின்றபடியே கோப்பைக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல மேடம். எல்லார்கிட்டயும் திருப்பிக் குடுத்துட்டேன். பின்னாடி இருக்கறத நான் படிக்கல. படிச்சிருந்தா வாங்கியிருக்க மாட்டேன்."

மேனேஜர் கோபப்படவில்லை. அப்படியானால் உங்கள் வேலையைப் பற்றி நான் இன்றைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார். தெரியும் மேடம் என்றார் சாவி. கோப்பையாவது கொடுங்கள், கம்பெனியுடையது என்றார் அவர். சாவி கொடுத்தார்.

மேனேஜர் அதைத் திறந்து பார்த்தார். வெறுமனே பழக்கத்தில் பார்த்ததுதான். உள்ளட்டையில் விரல் நின்றது. கண்ணாடித்தாள் உறை பளபளத்தது.

"இது உங்களோடதுதானே?"

மூன்று நாளாகக் கதவுக்குக் கதவு தூக்கிக் காட்டிய தாள். அட்டையோடு அட்டையாக ஆகிவிட்டிருந்தது. சாவி கை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது; பிடுங்க அதற்குத் தெரியவில்லை. மேனேஜர் உறையோடு உருவித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். வைக்கும்போது சாவியின் முகத்தைப் பார்க்கவில்லை. கடிதம் வரும் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மனைவி எழுந்து அலமாரியைத் திறந்தாள். புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். பழைய ஒப்பந்தத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"எல்லார் கதவையும் தட்டியிருக்கீங்க" என்றாள். "நம்ம கதவுதான் தெறந்தே கெடந்துச்சே. தட்டத் தோணல."

மோட்டார் ஓடத் தொடங்கியது. தம்ளர்கள் உரசின. அவர் ஒப்பந்தத்தை விளக்கடியில் பிடித்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். முடித்துத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, புரூப் சாரைப் பார்க்க நான்காம் மாடிக்குப் படியேறினார்.